செபநாயகம் திருத்திய வீடும் சைக்கிளும்

எங்கள் வளவுக்கும் செபநாயகத்தின் வளவுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலி. அதில் ஓர் ஆள் குனிந்து நுழையக்கூடிய பொட்டு ஒன்று உண்டு. நான் கொடுக்கும் கறிக்கோப்பைகள் அதற்குள்ளால் போகும். அவன் கொடுக்கும் நத்தார்ப் பண்டிகைக் கேக் அதற்குள்ளால் வரும். அவன் வேதக்காரன், நான் சைவக்காரி. அவன் எனக்குத் தம்பி முறையும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் சின்ன வயதிலிருந்து "அக்கா" என்றுதான் கூப்பிடுவான். இப்போது கூப்பிடுவது போனில் மட்டும்.

செபநாயகத்தின் வளவு என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊர் உடுவிலில் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். ஆனால் அது அவனுடையது அல்ல. எங்கள் பக்கத்தில் தாயின் வீடு மகளுக்குத்தான் போகும். அவனுடைய தாய் சீதனமாகக் கொண்டுவந்த வீடு, தங்கச்சி மார்கிரட்டுக்குச் சீதனமாகப் போனது. அவள் கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போய்விட்டாள். ஆண்பிள்ளையான இவன் அந்த வீட்டில் பிறந்தான், அங்கே கிடந்த தாயைக் கடைசிவரை பார்த்தான், ஓடு மாற்றினான், கிணறு இறைத்தான், வெள்ளை அடித்தான். வீடு மட்டும் தங்கச்சியுடையது.

"உனக்கெண்டு ஒரு பரப்புக் காணியெண்டாலும் வாங்கி வைச்சிருக்கலாமே?" என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.

"நான் இதிலை இருக்கிறன்தானே அக்கா. ஆர் எழுப்புறது?" என்பான்.

ஆள் ஒரு பொடி ஆள். பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞான அறையில் கண்ணாடிக் குழாய் கழுவிக் கொடுக்கிற உத்தியோகம். மெல்லிசாகவும் கட்டையாகவும் இருந்தபடியால் பிள்ளைகள் அவனுக்குச் 'சோதனைக்குழாய்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். அவனுக்கு அது தெரியும். கோபிக்க மாட்டான். சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி ஓடின பெரிய இடப்பெயர்வின்போது அந்தப் பொடி ஆள்தான் நடக்கமாட்டாத தாயைச் சைக்கிள் கரியரில் கட்டிவைத்து, மழைக்குள்ளே, சனத்துக்குள்ளே, சாவகச்சேரி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான். நானும் பக்கத்தில் நடந்தேன். அங்கே அவனுடைய பெரியப்பாவின் மகன் சிமியோன் வீட்டு மாட்டுக்கொட்டிலில் எல்லோரும் கிடந்தோம். திரும்பி வந்தபோது இந்த வீட்டுக் கூரையில் பாதி இல்லை. கலியாண வயது அந்தக் கூரையை வேய்வதிலும், பிறகு தாய்க்குக் கஞ்சி பருக்குவதிலும் போய்விட்டது.

சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு மார்கிரட் தன் மகனைக் கூட்டிக்கொண்டு விடுமுறைக்கு வந்தாள். ஜொனதன், பதினாலு வயதுப் பிள்ளை. வெறுங்கையோடு வரவில்லை. பிளேனில் ஒரு சைக்கிளைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்தான். மவுண்டன் சைக்கிளாம். மலை ஏறுகிற சைக்கிள். யாழ்ப்பாணத்தில் எங்கே மலை இருக்கிறது? கீரிமலையின் பேரில்தான் இருக்கிறது. நான் அதைச் சொல்லிச் சிரித்தேன். தாய்மாமனும் மருமகனும் அடுத்தநாளே கீரிமலைக்கே ஓடிப் போய்விட்டு வந்தார்கள். பொடியன் முன்னாலே அந்தக் கொழுத்த ரயர்ச் சைக்கிளில், இவன் பின்னாலே தன்னுடைய தகரச் சைக்கிளில். வந்து கிணற்றடியில் இரண்டு பேரும் சேர்ந்து குளித்த சத்தம் எங்கள் குசினிவரை கேட்டது. அந்த ஒரு மாதமும் செபநாயகம் சிரித்த மாதிரி அதற்கு முதல் சிரித்ததை நான் காணவில்லை.

போகிற அன்று பொடியன் சொன்னான்: "மாமா, இதை வைச்சிருங்கோ. அடுத்த முறை வந்து ஓடுவன்."

அந்தச் சொல்லை இவன் வேதவசனமாக எடுத்துக்கொண்டான்.

பின் விறாந்தைக் கூரையின் வளைமரத்தில் கயிறு போட்டு அந்தச் சைக்கிளைக் கட்டித் தூக்கினான். நிலத்தில் நின்றால் ரயர் பழுதாகுமாம். உப்புக்காற்றில் கறள் பிடிக்காமல், சனிக்கிழமை தவறாமல், கதிரை வைத்து ஏறி நின்று தேங்காயெண்ணெய் பூசுவான். எங்கள் ஊரில் எந்தச் சைக்கிளையும் நாங்கள் அப்படித்தான் காப்பாற்றுவோம். இவன் அதைவிடக் கொஞ்சம் கூட. ஆணி, கம்பி, சங்கிலி, சில்லு நடுவில் இருக்கிற தட்டு என்று ஒன்று விடமாட்டான்.

"வேதக்காரன் நீ, சைக்கிளுக்கு எண்ணெய்க்காப்புச் செய்யிறாய். அப்பிடியே ஒரு மாலையும் போடு" என்று நான் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டிச் சொல்லுவேன்.

"உங்கடை ஆக்களுக்கு மட்டும்தானோ எண்ணெய்க்காப்பு?" என்பான்.

"ஒருக்கா ஏறித்தான் ஓடிப் பாரன்."

"அது அவன்ரை அக்கா."

அடுத்த முறை என்றது வரவில்லை. பொடியனுக்குப் பள்ளிக்கூடச் சோதினை, பிறகு கொரோனா, பிறகு நாட்டில் பெற்றோல் இல்லாத காலம். அந்தக் காலத்தில் சைக்கிள் இல்லாதவன் கால் இல்லாதவன். வாத்திமார், டொக்டர்மார் எல்லாம் பழைய சைக்கிள் தேடி அலைந்தார்கள். இவனிடமும் எத்தனை பேர் வந்து கேட்டார்கள். வாடகைக்கு என்றாலும் தா என்றார்கள். இவன் தன்னுடைய தகரச் சைக்கிளைத் தூக்கி ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, தான் கடைக்கு நடந்தான். தொங்கினது தொங்கினபடி. "விசரன்" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அதற்கும் சிரித்தான்.

பொடியனோடு வீடியோவில் கதைப்பான். போனை என்னிடமும் காட்டுவான். மீசை அரும்பின முகம், பிறகு தாடி வைத்த முகம். "ஆச்சி, சுகமோ?" என்று கேட்கும். முகம்தான் தெரியும்; கழுத்துக்குக் கீழே தெரியாது.

போன வருடம், சித்திரை வெயிலில், செபநாயகம் பொட்டுக்குள்ளால் வந்தான். வழக்கமாகக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறவன், அன்றைக்குச் சத்தமில்லாமல் வந்து குசினி வாசலில் இருந்தான்.

"மார்கிரட் போன் எடுத்தவள் அக்கா."

"என்னவாம்?"

"வீட்டை விலைக்குக் குடுக்கப்போறாளாம்."

காய் அரிந்துகொண்டிருந்த நான் அரிவாளைக் கீழே வைத்தேன்.

"கூரை பழுது, கறையான், எத்தினை காலம் வாளி வைக்கிறதெண்டு கேக்கிறாள். பிறகு சொன்னாள், ஆவணியிலை ஜொனதன் வாறானாம். அவன் பாத்து, வைச்சிருப்பம் எண்டு சொன்னா வைச்சிருப்பாளாம்."

"அப்ப அவன் கையிலையோ இருக்கு?"

"ஓம் அக்கா. அவன் கையிலைதான்." சொல்லும்போதே அவன் முகம் தெளிந்தது. "அவன் வந்து ரெண்டு நாள் சைக்கிள் ஓடினானெண்டா, விடமாட்டான். நீங்கள் பாருங்கோ."

அன்றைக்கே இரண்டு வேலையையும் ஒன்றாகத் தொடங்கினான். கூரையையும் திருத்த வேண்டும், சைக்கிளையும் இறக்க வேண்டும். அறுபது தாண்டின ஆள்.

முதலில் சைக்கிள். காற்று அடிக்கப் போனால் எங்கள் பம்பின் வாய் அந்த ரியூப்புக்குப் பொருந்தவில்லை. மோட்டச்சைக்கிளுக்குக் காற்று அடிக்கிற கடைக்கு உருட்டிக்கொண்டு போனான். அடித்த காற்று வீடு வந்து சேர முதல் இறங்கிவிட்டது. றப்பர் எல்லாம் வெடித்திருந்தது. அந்த அளவு ரியூப் யாழ்ப்பாணம் முழுக்கத் தேடி மூன்றாம் தரம் போனபோதுதான் கிடைத்தது. பிறகு பிறேக். பிடித்தால் பன்றி கத்துகிற மாதிரிச் சத்தம் வருகிறது, சில்லு நிற்கவில்லை. இவனும் கழற்றினான், பூட்டினான், இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டான். கடைசியில் பெரியகடைப் பக்கத்தில் சைக்கிள்கடை வைத்திருக்கிற எமில்ராஜிடம் கொண்டுபோனான். அவன் விரலால் தட்டைத் தடவி மணந்து பார்த்தானாம்.

"அண்ணை, இதென்ன, பொரிச்சுச் சாப்பிடுற யோசனையோ? தேங்காயெண்ணெய் மணக்குது."

"கறள் பிடிக்காமல் பூசினது தம்பி."

"இந்தத் தட்டைத்தான் பிறேக் கட்டை பிடிக்கிறது. பிடிக்கிற இடத்திலை எண்ணெய் விட்டா எப்பிடி அண்ணை நிக்கும்? கட்டையும் எண்ணெய் குடிச்சிட்டுது. இனி மாத்தத்தான் வேணும். கொழும்பிலை இருந்து எடுக்கோணும்."

எனக்கு வந்து சொன்னபோது அழுகிற முகத்தோடு சொன்னான். "இவ்வளவு காலமும் நானே பழுதாக்கியிருக்கிறன் அக்கா."

"அன்பாத்தானே பூசினாய். கொழும்பிலை இருந்து வரும், விடு" என்றேன். வந்தது. வர ஒரு மாதம் எடுத்தது.

அந்த மாதத்தில் கூரையில் ஏறினான். ஓடு தாங்குகிற சிலாகைகளைத் தட்டித் தட்டிப் பார்த்து, உக்கினதைக் கழற்றி, எங்கேயோ இடித்த பழைய வீட்டு ஓடுகளைக் கொண்டுவந்து அடுக்கினான். ஒருநாள் நான் முருங்கையிலை உருவிக்கொண்டு இருக்கிறேன், மரம் முறிகிற சத்தம், பின்னாலே இரும்பு விழுகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், பின் விறாந்தை வளை நடுவால் முறிந்து கிடக்கிறது. வெளியே பார்க்க நல்ல மரம். உள்ளே கறையான் தின்று மண்ணாகியிருந்தது. அதில் திரும்பக் கட்டித் தூக்கியிருந்த சைக்கிள் கியர்ப் பக்கமாக விழுந்து கிடந்தது. செபநாயகம் ஏணியால் இறங்கி வந்தான். முழங்கையில் இரத்தம். வளையைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்திவிட்டான்.

முறிந்தது ஒரு சின்னத் துண்டு. கியரைச் சட்டத்தோடு பிடித்து வைக்கிற, ஒரு விரல் நீளமான அலுமினியத் துண்டு. அது இல்லாவிட்டால் சங்கிலி தொங்கும், ஓட முடியாது. எமில்ராஜ் கையை விரித்துவிட்டான். அது ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு விதமாம். சாவகச்சேரிக்கும் போய்க் கேட்டான். ஒரு பட்டறையில் தகட்டை வெட்டித் தந்தார்கள்; பூட்டின உடனே வளைந்துவிட்டது.

கடைசியில் அந்தத் துண்டைப் படம் எடுத்து ஜொனதனுக்கு அனுப்பினான். பதிலுக்கு ஒரு பெருவிரல் வந்தது.

"பெருவிரலோ?" என்றேன். "பெருவிரலை வைச்சு நீ சைக்கிள் ஓடுறதோ?"

"சரி எண்டு அர்த்தம் அக்கா."

"சரியெண்டா வாயாலை சொல்ல ஏலாதோ?"

"இப்பத்தைப் பிள்ளையள் அப்பிடித்தான்."

கூரை முடிந்தது. ஆனால் முன் ஹோலின் மூலையில் ஓர் ஒழுக்கு இருந்தது, தாய் இருந்த காலம் தொட்டு நிற்காத ஒழுக்கு. அது நின்றதோ என்று பார்க்க ஆடி மாதத்தில் மழைக்கு எங்கே போவது? இவன் கிணற்று மோட்டரைப் போட்டு, பைப்பைக் கூரைக்கு இழுத்து, மேலே நின்று தண்ணீர் அடித்தான். என்னை ஹோலுக்குள்ளே கதிரை போட்டு இருத்தினான், பார்க்கச் சொல்லி.

"அக்கா, இறங்குதோ?"

"இல்லை!"

"கொஞ்சம் பொறுங்கோ. அது சுத்தி வந்துதான் இறங்கும்."

பொறுத்தேன். இறங்கியது. திரும்ப ஓட்டைக் கழற்றினான், திரும்பப் போட்டான், திரும்பத் தண்ணீர் அடித்தான். "கொஞ்சம் பொறுங்கோ, கொஞ்சம் பொறுங்கோ" என்று மேலிருந்து கத்திக்கொண்டே இருப்பான். எனக்குக் கழுத்து உளைந்ததுதான் மிச்சம். மார்கிரட்டின் வீட்டுக்கு இவன் இப்படி ஈரமாகி நிற்கிறானே என்று எனக்குள்ளே ஏசிக்கொண்டு இருந்தேன். கடைசியாக அடித்த அன்றைக்கு எவ்வளவு நேரம் இருந்தும் ஒரு சொட்டும் இறங்கவில்லை. மேலே நின்றபடியே கர்த்தருக்குத் தோத்திரம் சொன்னான்.

ஜொனதன் வந்தான். வாடகை வான் ஒன்றிலிருந்து இறங்கி வந்தவன் வாசல் நிலையில் தலை முட்டாமல் குனிந்தான். நான் யாரோ சாரதி என்று நினைத்தேன். பனைமாதிரி ஒரு ஆள். செபநாயகம் எட்டிக் கட்டிப் பிடித்தான்; பொடியனின் நெஞ்சுக்குத்தான் இவன் தலை வந்தது. முகத்தை மட்டும் பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளை.

நல்ல பிள்ளை. அதை நான் சொல்லத்தான் வேண்டும். காற்சட்டைப் பைக்குள்ளே கையை விட்டு, "மாமா, நீங்கள் கேட்ட சாமான்" என்று நீட்டினான். அந்த அலுமினியத் துண்டு. மறக்காமல், சரியானதைத் தேடி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். இரண்டு பேரும் முற்றத்தில் குந்தி இருந்து பூட்டினார்கள். சில்லைக் கையால் சுற்றி கியரை மாற்ற, சங்கிலி ஒவ்வொரு பல்லாக ஏறி இறங்கியது. பிறேக்கைப் பிடித்தால் சத்தமில்லாமல் நின்றது. நான் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

"ஏறும் மகன்! ஏறி ஓடும்!" என்று செபநாயகம் அவசரப்படுத்தினான்.

ஜொனதன் ஏறினான். முழங்கால் இரண்டும் கைபிடியில் இடித்தன. ஒரு சுற்று மிதித்தான். தவளை போல இருந்தது. காலை ஊன்றி நின்று சிரித்தான்.

"சின்னனாப் போச்சு மாமா."

"சீற்றை உயர்த்துவம், பொறும்." செபநாயகம் ஓடிப்போய் நட்டுக் கழற்றுகிற சாவி எடுத்துவந்து சீற்றை உயர்த்தினான். உயரம் காணாது. இன்னும் உயர்த்தினான். "இன்னும் கொஞ்சம் வரும், இன்னும் கொஞ்சம்..." சீற்றும் தண்டும் முழுதாகக் கழன்று அவன் கையோடு வந்தன. அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

பொடியனின் சிரிப்பு நின்றுவிட்டது. "மாமா, உங்களுக்குத்தான் இது அளவு. நீங்கள் ஓடுங்கோ" என்றான், மெல்லமாக.

பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்தான். "வீடு வடிவா இருக்கு மாமா. அம்மா சொன்னமாதிரி இல்லை." செபநாயகம் ஒவ்வொன்றாகக் காட்டினான், புது வளை, ஓடு, ஒழுகாத மூலை. கடைசியில் நான் முன்னால் நிற்கிறேன் என்றும் பாராமல் கேட்டுவிட்டான்.

"வைச்சிருப்பமோ மகன்?"

ஜொனதன் பொய் சொல்லவில்லை. "நான் திரும்பி எப்ப வருவன் எண்டு தெரியாது மாமா. இங்கை வந்து இருக்கவும் மாட்டன். அம்மாவுக்கு என்ன சொல்லுறது?"

"உண்மையைச் சொல்லும்" என்றான் செபநாயகம்.

ஜொனதன் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் வீடு வாங்க ஆள் வந்தது. மழைக்காலம் தொடங்க முதலே பேச்சு முடிந்துவிட்டது. ஒழுகிக்கொண்டு கிடந்திருந்தால் யார் வந்திருப்பார்கள்? நான் மார்கிரட்டோடு போனில் சண்டை பிடித்தேன்.

"பிள்ளை, உன்ரை கொம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டினது ஆர்? அந்தக் கூரையிலை நிண்டது ஆர்?"

"அக்கா, எனக்குத் தெரியாதோ? அண்ணைக்கு நல்ல அறையொண்டு எடுத்துக் குடுக்கிறன் எண்டனான். வேண்டாமாம்."

"அவனுக்கு அறை வேண்டாமடி. அந்த வீடுதான் வேணும்."

"அண்ணை ஒரு நாளும் அப்பிடிக் கேக்கேல்லையே அக்கா" என்று அவள் அழத் தொடங்கினாள். அவன் கேட்டதில்லைத்தான்.

எங்கள் வெளி அறையில் வந்து இரு என்றேன். "சோறும் தாறன், ஏச்சும் தாறன். வழக்கமாத் தாறதுதானே."

"இங்கை இருந்து அந்த வீட்டைப் பாத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது அக்கா" என்றான். சாவகச்சேரியில் சிமியோன் வீட்டுப் பின்னறை காலியாக இருந்தது. முன்பு மாட்டுக்கொட்டில் இருந்த இடத்தில் கட்டின அறையாம்.

போன அன்று காலையில் சாமான்கள் முன்னால் லான்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியில் போய்விட்டன. அவன் வீட்டைப் பூட்டித் திறப்பை என் கையில் தந்தான். மவுண்டன் சைக்கிளை ஒழுங்கைக்கு உருட்டிக்கொண்டு வந்தான். சீற்றைத் தன் அளவுக்குப் பதித்திருந்தான். இத்தனை வருடத்தில் முதல்தரம் அதில் ஏறி இருந்தான். முழங்கால் இடிக்கவில்லை, கை எட்டாமல் போகவில்லை. அவனுக்கென்றே அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"பாத்துப் போ தம்பி. பிறேக் பிடிக்குதோ?"

"நல்லாப் பிடிக்குது அக்கா" என்று பிடித்துக் காட்டினான். பிறகு போனான்.

வீட்டை வாங்கினவர்கள் சுவிஸில் இருக்கிறார்கள். ஒரு வாரம் வந்து நின்று, பால் காய்ச்சிவிட்டுத் திரும்பிப் போனார்கள். அடுத்த விடுமுறைக்கு வருவார்களாம். வீட்டைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் திறப்பைத் திரும்ப என்னிடமே தந்துவிட்டார்கள். வேலியை எடுத்து மதில் கட்டக் கேட்டார்கள். பொட்டு இருக்கிற இடத்தில் கல் வைக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்தது. என் பாட்டில் எழும்பி, வாளிகளைத் தூக்கிக்கொண்டு, பொட்டுக்குள்ளால் நனைந்தபடி போய்க் கதவைத் திறந்தேன். பழக்கம். எந்த இடத்தில் எந்த வாளி என்று எனக்குத் தெரியும். வைத்துவிட்டுப் பார்த்தால், நிலம் முழுக்க உலர்ந்து கிடக்கிறது. மழை ஓட்டில் அடிக்கிற சத்தம் மட்டும்தான்.

எனக்கு எழுத்துத் தெரியாது. போனில் அவன் படத்தை அமத்தினால் அவனுக்குப் போகும். அமத்தினேன்.

"தம்பி, இங்கை நல்ல மழை. ஒரு சொட்டும் இறங்கேல்லை."

அவன் பக்கத்திலும் மழைச் சத்தம் கேட்டது.

"ஹோல் மூலையைப் பாத்தனீங்களோ அக்கா?"

"அதிலைதான் நிக்கிறன்."

"கொஞ்சம் பொறுங்கோ. அது சுத்தி வந்துதான் இறங்கும்."

கதிரை ஒன்றும் இல்லாத ஹோல். நிலத்தில் இருந்து, வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போனைக் காதோடு பிடித்தபடி மூலையைப் பார்த்தேன். அவன் போனை வைக்கவில்லை. மழை விடும்வரை இருந்தேன். இறங்கவில்லை.